கத்தியில் யார் பெயர்?

2012 செப்டம்பரில் ஒரு நாள், பிரான்சின் ஓப்ராக் பீடபூமியில் இருக்கும் லயோல் என்ற சிற்றூரின் மக்கள் ஊர் எல்லையில் கூடி, ஊர்ப் பெயர்ப்பலகையைத் தங்கள் கையாலேயே கழற்றினார்கள். மேயரே முன்னால் நின்றார். பெயர் ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது என்று நாட்டுக்குச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. 1993-ல் பாரிஸ் பக்கத்துத் தொழில்முனைவர் ஒருவர் அந்த ஊர்ப்பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்திருந்தார். கத்திக்கு மட்டுமா? வீட்டுத்துணி, சிகரெட் லைட்டர் என்று வகைவகையாக. எங்கோ ஆசியாவில் செய்த சரக்கும் அந்தப் பெயரோடு கடைக்கு வந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் வழக்குப் போட்டுத் தோற்றது. அந்தத் தீர்ப்பு வந்த சூட்டில்தான் பலகை இறங்கியது. 2019-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவுகளில் பலவற்றை ரத்து செய்யும்வரை இழுபறி நீடித்தது.

ஐரோப்பியக் கத்திகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி கத்தி நல்லது?" என்பதுதான். அந்த ஊர்களின் வரலாற்றைப் புரட்டினால் கேள்வியே கொஞ்சம் கோணலாகத் தெரியும். அலகில் பொறித்த பெயர் பெரும்பாலும் விற்றவனுடைய பெயர். இரும்பை அடித்தவன், பதம் ஏற்றியவன், சாணை பிடித்தவன், பிடி பொருத்தியவன் எல்லாரும் நான்கு தெருக்காரர்கள். அவர்கள் பெயர் எங்கும் இராது. எனவே கம்பெனிப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன், ஊர்ப் பட்டியலை எடுப்பது உத்தமம்.

லயோல் கத்தியிலிருந்தே தொடங்கலாம். ஓப்ராக் மேய்ச்சல் நாடு. அங்கே 1829-ல் பியேர்-ழான் கால்மெல்ஸ் என்ற கத்திக்காரர் இந்த மடக்குக்கத்தியின் முதல் வடிவத்தைச் செய்தார் என்பது ஊர் வழக்கு. குளிர்காலத்தில் மரம் அறுக்கும் கூலி வேலைக்கு ஸ்பெயினுக்குப் போன ஆட்கள் கொண்டுவந்த 'நவாஹா' மடக்குக்கத்தியின் சாயல் இதில் இருப்பதாகச் சொல்வார்கள். 1840 வாக்கில் கத்தியின் முதுகில் ஒரு குத்தூசி சேர்ந்தது. பச்சைப்புல்லை அளவுக்கு மீறித் தின்று வயிறு உப்பிச் சாகக் கிடக்கும் மாட்டின் விலாவில் குத்திக் காற்றை வெளியேற்றுவதற்கு அது. தோல்வார் தைக்கவும் ஆகும். 1880 வாக்கில் தக்கைத் திருகி வந்தது. ஓப்ராக் இளைஞர்கள் பிழைப்புத் தேடிப் பாரிசுக்குப் போய்க் கரி விற்று, பிறகு சிற்றுண்டிக் கடையும் மதுக்கடையும் வைத்த காலம் அது. மாட்டுக்காரனின் கத்தி பரிசாரகனின் கத்தியாக மாறிய கதையை அந்த இரண்டு உறுப்புகளே சொல்லிவிடுகின்றன.

கத்தியின் மேல்வில்லில், அலகு மடங்கும் இடத்தில், ஒரு தேனீ உருவம் இருக்கும். நெப்போலியன் மகிழ்ந்து கொடுத்த சின்னம் என்று கடைக்காரர்கள் இன்றும் கதை விடுவதுண்டு. நெப்போலியன் செத்தது 1821-ல். கத்தி பிறந்ததோ 1829-ல். கத்திக்காரர் பேச்சில் வில்லின் அந்த நுனிக்கே 'ஈ' என்றுதான் பெயர். பூவும் இலையும் செதுக்கிக்கொண்டிருந்த இடத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிஜமான பூச்சி வந்து உட்கார்ந்தது. ஆனால் சேகரிப்பாளருக்கு அந்த ஈ உதவும். நல்ல கத்தியில் வில்லும் ஈயும் ஒரே இரும்பில் அடித்து எடுத்தவை. மலிவுச் சரக்கில் ஈயைத் தனியாகச் செய்து பற்றவைத்திருப்பார்கள். வில்லின் முதுகில் அரத்தால் இழைத்த கோலம் இரு பக்கமும் ஒரே அச்சாக இருந்தால் அது எந்திர வேலை என்று சந்தேகப்படலாம்.

இந்த இடத்தில் லயோல்காரர்களின் கோபத்துக்கு ஒரு சங்கடமான பின்குறிப்பு உண்டு. முதல் உலகப் போர் ஊரின் ஆண்களைக் கொண்டுபோன பிறகு, அங்கே கத்தி செய்வது மெல்ல நின்றே போனது. பல பத்தாண்டுகள் உலகம் வாங்கிய 'லயோல்' கத்திகளெல்லாம் வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் தியேர் நகரத்தில் செய்தவை. 1980-களில்தான் ஊர் மறுபடி உலை மூட்டியது. 1987-ல் திறந்த புதிய பட்டறையை வடிவமைத்தவர் பிலிப் ஸ்டார்க். கூரையைக் கிழித்துக்கொண்டு பதினெட்டு மீட்டர் உயரத்துக்கு ஓர் அலகு நிற்கும். ஊருக்கு மேலே நட்டுவைத்த உரிமைப் பத்திரம் மாதிரி. ஆக, பெயரைப் பறிகொடுத்த ஊருக்கும் பெயரைச் சுமந்து உழைத்த ஊருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. 2014-ல் பிரெஞ்சு அரசு, பாலாடைக்கட்டிக்கும் ஒயினுக்கும் இருப்பதுபோன்ற புவிசார் குறியீட்டைக் கைவினைப் பொருள்களுக்கும் விரிக்கும் சட்டம் கொண்டுவந்தபோது இந்த லயோல் விவகாரமும் அதற்கு ஒரு தூண்டுதல்.

தியேர் விசித்திரமான ஊர். அங்கே இரும்புத் தாது இல்லை, நல்ல நிலக்கரி இல்லை, சாணைக்கல்கூட வெளியிலிருந்துதான் வர வேண்டும். இருந்ததெல்லாம் டுரோல் என்ற ஆறு. செங்குத்தான பள்ளத்தாக்கில் விழுந்தடித்து ஓடும் அந்தத் தண்ணீரை நம்பி ஐந்தாறு நூற்றாண்டுகள் ஓர் ஊரே கத்தி செய்தது. இன்றும் பிரான்சில் செய்யும் கத்திகளில் பெரும்பகுதி அந்த வட்டாரத்துச் சரக்கு. ஆற்றங்கரையில் வரிசையாகச் சாணைக்கூடங்கள். சாணை பிடிப்பவர் உட்கார்ந்து வேலை செய்யவில்லை. சுழலும் கல்லுக்கு மேலே சாய்த்துப் போட்ட பலகையில் குப்புறப் படுத்து, முழு உடம்பின் பாரத்தையும் கையில் ஏற்றி அலகைக் கல்லில் அழுத்தினார். கல்லிலிருந்து தெறிக்கும் துருக்கலந்த சேறு அவர்கள் வயிற்றை மஞ்சளாக்கியது; 'மஞ்சள் வயிற்றுக்காரர்கள்' என்பதே அவர்களுக்குப் பட்டப்பெயர். கீழே ஓடும் தண்ணீர் எலும்பைக் குளிரவைக்கும். அதனால் நாய் வளர்த்தார்கள். எஜமான் குப்புறப் படுத்து வேலை செய்ய, நாய் அவர் கால்மேல் ஏறிப் படுத்துச் சூடு கொடுக்கும். நூறாண்டுக்கு முந்தைய புகைப்படங்களில் வரிசையாகப் படுத்திருக்கும் மனிதர்களும் அவர்கள் கால்களின்மேல் சாவகாசமாகச் சுருண்டிருக்கும் நாய்களும் தெரிகிறார்கள். தியேர் அருங்காட்சியகத்தில் எத்தனை அழகான கத்தி இருந்தாலும் கண் அந்த நாய்களிடம்தான் போய் நிற்கும்.

இத்தனை உழைத்தும் தியேருக்கென்று ஒரு கத்தி இல்லை. அடுத்த ஊர்களின் வடிவங்களையே அது செய்துகொண்டிருந்தது. 1990-களின் முற்பகுதியில் ஊர்க் கத்திக்காரர்கள் ஒரு சங்கமாகக் கூடி, 'தியேர்' என்ற பெயரிலேயே ஒரு மடக்குக்கத்தியை வடித்தார்கள். மெல்லிய இரட்டை வளைவு. அந்தக் கோட்டை மீறாமல் எந்தப் பட்டறையும் தன் கைவண்ணத்தைக் காட்டலாம். சேகரிப்பைத் தொடங்குகிறவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. ஒரே வடிவத்தில் பத்துப் பட்டறைக் கத்திகளை அருகருகே வைத்தால், யார் கை என்ன செய்கிறது என்பது பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு மே மாதமும் அங்கே கூடும் கத்திச் சந்தையில் செய்தவர்களே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

ஜெர்மனியின் சோலிங்கனில் கதை வேறு வழியில் போகிறது. வுப்பர் ஆற்றங்கரை ஊர். ஆதியில் வாள் செய்த ஊர். பாசாவ் நகரத்து வாள்களில் ஓடும் ஓநாயின் உருவம் இருக்கும். அது வீரனைக் காக்கும் என்று நம்பிக்கை. சோலிங்கன் கொல்லர்கள் கொஞ்சமும் கூசாமல் அதே ஓநாயைத் தங்கள் வாளிலும் வெட்டினார்கள். பெயர் திருடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல! தங்கள் தொழில்நுட்பத்தை மட்டும் கண்ணுங்கருத்துமாகக் காத்தார்கள். பதம் ஏற்றுவோரும் சாணை பிடிப்போரும் தனிச் சங்கம். ஊரை விட்டுப் போய் வேறிடத்தில் தொழில் செய்யமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். இருந்தும் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சில குடும்பங்கள் நழுவி, வடகிழக்கு இங்கிலாந்தின் ஷாட்லி பிரிட்ஜில் போய் வாள் அடித்தன.

1731 ஜூன் 13 அன்று பீட்டர் ஹென்கெல்ஸ் என்பவர் சோலிங்கன் கத்திக்காரர் சங்கப் பதிவேட்டில் இரட்டையர் உருவத்தைத் தன் முத்திரையாக எழுதிவைத்தார். ஜூன் பாதி, மிதுன ராசி, அதனால் இரட்டையர். இன்றும் சமையலறைக் கத்திகளில் கைகோத்து நிற்கும் அந்த இரண்டு பேர் உலகின் மிகப் பழைய முத்திரைகளில் ஒன்று. 1814-ல் தொடங்கிய வூஸ்ட்ஹோஃப், 1869-ல் தொடங்கி மரத்தைச் சின்னமாக வைத்த போக்கர் என்று பெயர்கள் பெருகின. ஆனால் அந்தப் பெயர்களுக்காக அலகு செய்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனிக் கூரைக்கு வெளியே, சொந்த வீட்டோடு ஒட்டிய பட்டறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அடிப்பார், அடுத்த மேட்டில் ஒருவர் பதம் ஏற்றுவார், ஆற்றோரம் ஒருவர் சாணை பிடிப்பார், பிடி போடுகிறவர் வேறு. அரைகுறைக் கத்திகளை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பெண்கள். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் அலகுகள் நிறைந்த கூடையை ஏற்றி, மேடு பள்ளமெல்லாம் நடந்தார்கள். சோலிங்கனில் அந்தச் சுமைக்காரப் பெண்ணுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு கத்தியின் மொத்தப் பயணத்தையும் அறிந்திருந்த ஒரே ஆள் அவள்தான் என்று சொன்னாலும் மிகையில்லை.

1938-ல் 'சோலிங்கன்' என்ற சொல்லுக்கே சட்டப் பாதுகாப்பு வந்தது. முக்கியமான வேலைகள் எல்லாம் அந்த வட்டாரத்திலேயே நடந்திருந்தால்தான் கத்தியில் ஊர்ப்பெயரைப் பொறிக்கலாம். லயோலுக்குக் கிடைக்காத காவல் இது. சேகரிப்பாளருக்கு அங்கே ஒரு சிபாரிசு சொல்வதென்றால், பெரிய பெயர்களைத் தாண்டி 1872-ல் தொடங்கிய ராபர்ட் ஹெர்டரின் காற்றாலை முத்திரைக் கத்தியைச் சொல்லலாம். துருப்பிடிக்கும் கார்பன் எஃகு, தாள்போல மெலிதாகக் கையால் பிடித்த சாணை, நீலம் பாய்ந்த மெருகு. காய் நறுக்கி அப்படியே போட்டுவிட்டால் கறுத்துப்போகும். நம் வீட்டுப் பழைய அரிவாள்மனையோடு பழகியவர்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

இனி ஷெஃபீல்டு. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளிலேயே ஓர் அரவைமில்காரன் காலுறைக்குள் ஷெஃபீல்டு கத்தியைச் செருகிக்கொண்டு வருகிறான். 1624-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கத்திக்காரர் சங்கம் அமைந்தது. முத்திரைகளைப் பதிந்து காப்பது அதன் வேலை. ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் சிலுவையும், ஜார்ஜ் வாஸ்டன்ஹோமின் 'ஐ எக்ஸெல்' என்று வாசிக்கும்படி அமைந்த மூன்று எழுத்துகளும் அந்தப் பதிவேட்டின் புதல்வர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க எல்லைப்புறத்து வேட்டைக்காரன் இடுப்பில் தொங்கிய 'பூவி' கத்தியில் பெரும்பகுதி ஷெஃபீல்டில் செய்து கப்பலேறியது.

அந்த ஊரின் எஃகுக்கு ஒரு தமிழ்நாட்டுக் கிளைக்கதை இருக்கிறது. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், மண் மூசையில் எஃகை முழுக்க உருக்கி ஒரே சீராக வார்க்கும் முறையைக் கண்டார். மூசையில் எஃகு ஆக்குவது தென்னிந்தியக் கொல்லர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். ஐரோப்பியர்கள் 'உட்ஸ்' என்று அழைத்து வியந்த அந்த எஃகின் பெயரே நம் உருக்குக்கும் கன்னடத்து உக்குக்கும் உறவு. ஹன்ட்ஸ்மனின் எஃகு கடினமாக இருக்கிறது என்று ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். அதில் செய்த கத்திகள் திரும்பி வந்து போட்டி போட்ட பிறகுதான் உள்ளூருக்குப் புத்தி வந்தது. லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்திய உட்ஸில் கருவிகள் செய்து, அதுவே சிறந்தது என்று விளம்பரமும் செய்தார். 1820-ல் அவரோடு சேர்ந்து அந்த எஃகின் சூட்சுமத்தைத் தேடி ஆராய்ச்சி செய்தவர் மைக்கேல் ஃபாரடே.

இவர்களைவிடச் சுவாரசியமானவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். சேலம் வட்டாரத்து இரும்புத் தாதைப் பார்த்து மயங்கி, வேலையை விட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். மரக்கரியில் உருக்கிய இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போனது. ஆலையில் காசு தங்கவில்லை. ஆனால் எஃகு பற்றி அவருக்கு இருந்த பித்து அடங்கவும் இல்லை. 1839-ல் இங்கிலாந்தில் ஒரு காப்புரிமை எடுத்தார்: மாங்கனீசும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருளை மூசையில் சிறிதளவு போட்டால், மலிவான இரும்பிலிருந்தே நல்ல எஃகு கிடைக்கும், அது இரும்போடு நன்றாகப் பற்றவும் செய்யும். மேசைக்கத்தி செய்கிறவர்களுக்கு இது வரம். எஃகு அலகை இரும்புக் காம்போடு ஒட்டுவதுதான் அதுவரை அவர்கள் பட்ட பாடு. ஹீத்துக்கு என்ன கிடைத்தது? அவருடைய முகவரே, கூட்டுப்பொருளைத் தனியாகத் தயாரிக்காமல் மாங்கனீசையும் கரிச்சத்தையும் நேராக மூசையில் கொட்டினால் அதே பலன் வரும் என்று கண்டுகொண்டார். காப்புரிமையின் வாசகம் அதைத் தடுக்கவில்லை. ஷெஃபீல்டு முழுக்க அந்த முறைக்கு மாறியது, காசு கொடுக்காமல். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851-ல் ஹீத் இறந்தார். அதன் பிறகும் வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், அவர் தரப்புக்கு எதிராகவே முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செய்த ஷெஃபீல்டு மேசைக்கத்தி ஒன்றைச் சேகரிப்பாளர் கையில் எடுத்தால், அதற்குள் பரங்கிப்பேட்டையில் நொடித்துப்போன ஒரு மனிதரின் மூளை இருக்கக்கூடும். அலகில் அவர் பெயரைத் தேட வேண்டாம்.

தன் பெயரை மற்றவர்கள் திருடுவதையும் ஷெஃபீல்டு அனுபவித்தது. சோலிங்கனிலிருந்து மலிவுக் கத்திகள் 'ஷெஃபீல்டு' என்று முத்திரை குத்தி இங்கிலாந்துக்குள் வந்தன. கூச்சல் எழுந்தது. 1887-ல் வணிகச் சின்னச் சட்டம் வந்ததற்கு இந்தப் புகார்கள் முக்கியமான காரணம். பிறநாட்டுச் சரக்கு ஆங்கிலப் பெயரில் வந்தால் எங்கே செய்தது என்று சொல்லியாக வேண்டும். அவமானச் சின்னமாகக் குத்தப்பட்ட 'மேட் இன் ஜெர்மனி' ஒரு தலைமுறைக்குள் தரச்சான்றாக மாறியது வேறு கதை. அந்த நேரத்தில் சுவிட்சர்லாந்தும் சோலிங்கனிடம்தான் கையேந்தியது. 1891-ல் சுவிஸ் ராணுவம் வாங்கிய முதல் சிப்பாய்க் கத்திகள் சோலிங்கன் கம்பெனி ஒன்று செய்து அனுப்பியவை. உள்நாட்டில் அத்தனை கத்தி செய்யப் பட்டறை இல்லை. இபாக் ஊரைச் சேர்ந்த கத்திக்காரர் கார்ல் எல்செனர் அந்த ரோஷத்தில் ராணுவக் கத்தி செய்ய இறங்கி, கடனில் மூழ்கி எழுந்து, 1897-ல் அதிகாரிகளுக்கான சிவப்புக் கத்தியைக் கொண்டுவந்தார். விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் பாதி அவருடைய தாயார் விக்டோரியா. மீதி, துருப்பிடிக்காத எஃகுக்குப் பிரெஞ்சில் சொல்லும் 'இனாக்ஸ்'.

பிரெஞ்சு சவோய் மலைநாட்டில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் வடித்த மரப்பிடிக் கத்தியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விலை குறைவு, வடிவம் மாறவில்லை, கிரீடம் சூடிய கை அதன் முத்திரை. ஸ்வீடனின் மூராவிலும் பின்லாந்தின் கவுஹாவாவிலும் உறைக்கத்திகள் இன்றும் வேலைக்கான பொருள்களாகவே செய்யப்படுகின்றன. சேகரிப்பாளர்கள் இவற்றை ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அது அவர்கள் நட்டம்.

விக்டோரினாக்ஸ் பெயரில் ஏறிய துருப்பிடிக்காத எஃகு கத்திக்கு வந்ததும் ஷெஃபீல்டில்தான். நம் அடுக்களையில் எவர்சில்வர் என்று வழங்குவதற்கு மூதாதை. 1913 ஆகஸ்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் சீக்கிரம் தேயாமலிருக்க வழி தேடி, 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான குரோமியம் சேர்த்து ஓர் எஃகை வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் பூசினால் அது அரிபடவில்லை. கத்திக்கு ஆகும் என்று அவருக்குப் பொறி தட்டியது. அனுப்பிப் பார்த்த கத்திக்காரர்கள் உளி மழுங்குகிறது, அச்சு உடைகிறது என்று திருப்பினார்கள். 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கேலியும் செய்தார்கள். போர்ட்லண்ட் வொர்க்ஸ் என்ற கட்டடத்தில் இருந்த மாஸ்லி கம்பெனியின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் மட்டும் ஒரு துண்டை வினிகரில் ஊறவைத்துப் பார்த்தார். கறை படியவில்லை. 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லும் அவருடையதே. ஹன்ட்ஸ்மனுக்கு நேர்ந்த அதே மறுப்பு, அதே ஊரில், நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் கழித்து!

ஷெஃபீல்டில் பெரிய கம்பெனிகளுக்கு உழைத்தவர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். சின்ன மேஸ்திரி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஒரு கட்டடத்தில் ஓர் அறையையும் ஒரு சாணைக்கல்லையும் வாடகைக்குப் பிடித்து, துண்டுக்கூலிக்கு வேலை செய்யும் சுயேச்சைத் தொழிலாளி. உலர்கல்லில் முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவர்கள் கல்தூசியில் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே மாண்டார்கள். ராட்ஜர்ஸ் நட்சத்திரத்துக்கு இருக்கும் மினுக்கம் அவர்கள் பிடித்த சாணையிலிருந்து வந்தது.

அந்த மரபின் கடைசி ஆட்களில் ஒருவர் ஸ்டான் ஷா. பதினான்கு வயதில் ஷெஃபீல்டின் இபர்சன் பட்டறையில் சேர்ந்து, மடக்குக்கத்தியின் எல்லா வேலையும் படித்தார். பல பத்தாண்டுகள் அவர் கையில் பிறந்த கத்திகள் பிறருடைய முத்திரையோடு கடைக்குப் போயின. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைமாறி மூடிய பிறகு, 1980-களில் தனியாக உட்கார்ந்தார். 2021-ல் 94 வயதில் காலமாகும்வரை அவரிடம் கத்தி கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தக் கத்திகளின் அலகில் இரண்டு சொற்கள் பொறித்திருக்கும்: ஸ்டான் ஷா.